கைதட்டாத ஞாயிற்றுக்கிழமைகள்

பாடி முடித்த குழந்தையிடம் “இன்னொரு முறை பாடு” என்கிறோமே, அந்தச் சொல்லால் அதற்கு எதையாவது கொடுக்கிறோமா, அல்லது அதனிடமிருந்து எடுத்துக்கொள்கிறோமா? ஒன்பது வருஷமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைத்துவிட்டது என்று சில நாள் காலையில் தோன்றும். மாலைக்குள் அது தவறென்று படும். கேள்வியை என்னிடம் விட்டுச் சென்றவள் எங்கள் எதிர்வீட்டு அத்தை. அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் யாராவது இதைப் படித்துக் காட்டினால், முழுவதையும் இரண்டாவது தடவை படிக்கச் சொல்வாள். பெயரை எழுதியிருந்தால், அது வருகிற இடத்தில் இரண்டு தடவையும் என்னைத் திட்டுவாள்.

இரண்டாவது தடவை கேட்பதுதான் அத்தை. தபால்காரர் தெருவில் யாருக்கோ நல்ல செய்தி சொன்னால், அவரை நிறுத்தி மறுபடியும் சொல்லச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கும் போவாள், இரண்டாம் பூசைக்கும் போவாள். ஏன் என்று கேட்டால், “மொதல் பூசையில சாமியாரு அவசரமா ஓடிட்டாரு கண்ணு, எனக்கு நெறையல” என்பாள். யாராவது சிரிக்கும்படி ஒன்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். “இன்னொரு தபா சொல்லு” என்று கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முதல் தடவை சிரித்ததைவிட அதிகமாகச் சிரிப்பாள்.

உறவு முறையில் அவள் எங்களுக்கு ஒன்றுமில்லை. தெருவே அவளை அத்தை என்றது. புருஷன் சைகோனில் வேலை பார்த்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வந்து போவார். பிள்ளைகள் இல்லை. அத்தை, பத்திரம் எழுதும் ஒரு பிரெஞ்சு துரையின் வீட்டில் சமைக்கும் குசினிக்காரியாக இருந்தாள். பகல் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்குத் தெருவில் வரும்போது வெங்காயமும் வெண்ணெயும் கலந்த வாசனை அவளுக்கு முன்னால் வரும். அவளுடைய இரண்டாவது தடவைப் பழக்கம் அந்தக் குசினியில் வந்தது என்று நினைக்கிறேன்.

“தொரசானி நல்லாருக்குன்னு வாயால சொல்லவே மாட்டா,” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். “ரெண்டாம் தட்டு கேப்பா. அதுதான் எனக்கு மரியாத. மொதல் தட்ட பசிக்குத் தின்னலாம். ரெண்டாம் தட்டு பிடிச்சாத்தான் கேப்பாங்க.”

எனக்கு அப்போது பதினாலு வயது. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் தெற்கேயிருந்து ஒரு பாலர் நாடகக் கம்பெனி புதுச்சேரிக்கு வந்து, ரயிலடிக்குப் போகும் வழியில் இருந்த தகரக் கொட்டகையை எடுத்தது. ராஜா, ராணி, மந்திரி, தோழி, திருடன் எல்லோரும் ஏழு வயதிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள பையன்கள். அவர்கள் தங்கிய கம்பெனி வீடு அத்தை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது; நடுவில் ஓர் ஆள் உயரச் சுவர் மட்டும். விடிகாலையில் நாற்பது பையன்கள் சுருதியோடு குரலைச் சேர்ப்பது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

அத்தை முதல் வாரமே நாடகத்துக்குப் போய்விட்டாள். இரண்டாவது வாரம் என்னையும் அழைத்துப் போக வந்தாள். அம்மாவுக்கு மனமில்லை.

“படிக்கிற பொண்ணு நாடகம் நாடகம்னு அலைஞ்சா, நாளைக்கு யாரு கட்டுவாங்க?”

“பகல் ஆட்டந்தானே. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். என்னத் தாண்டி எவன் வருவான்? வந்தாலும் ரெண்டு தபா யோசிப்பான்.”

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மறுப்பது கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டத்தில் மட்டும் ‘ராணி நாடகம்’ போடுவார்கள். ஊரில் எல்லோரும் அதை அப்படித்தான் அழைத்தோம். மூன்றாம் காட்சியில், காட்டில் தொலைந்த மகனைத் தேடிக்கொண்டு ராணி தனியாக வருவாள். அந்த ராணி, வேலு என்ற பையன். பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும், மெலிந்த கழுத்து. ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைத் தேடி அழுகிறதென்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பு வரலாம். உள்ளே உட்கார்ந்திருந்த யாருக்கும் வந்ததில்லை. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் அவன் எடுத்தால் குரல் தகரக் கூரையைத் தொட்டுவிட்டு மெல்ல இறங்கும். பாட்டு முடிந்ததும் அவன் ஒரு கையை மரத்தில் ஊன்றி அப்படியே நிற்பான். ஆர்மோனியம் சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது சபை ‘மறுபடியும்’ என்று கேட்பதற்காக விடுகிற இடைவெளி.

மற்ற ஊர்களில் அந்த இடத்தில் ‘ஒன்ஸ்மோர்’ என்பார்களாம். எங்கள் கொட்டகையில் அத்தை ‘பிஸ்’ என்றாள். துரை வீட்டு விருந்தில் யாராவது பியானோ வாசித்து முடித்தால் வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் கத்துவார்களாம். இன்னொரு முறை என்று அர்த்தம். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “பிஸ்!” என்று அத்தை ஒரு குரல் கொடுப்பாள். உடனே நாங்கள் எல்லோரும். பிறகு ஆண்கள் பக்கம். கொட்டகையே தகரம் அதிரக் கத்தும். வேலு மறுபடி பாடுவான். அது முடிந்ததும் அத்தை மறுபடி எழுந்திருப்பாள். ஒரு பகலில் மூன்று தடவை அந்தப் பாட்டைப் பாடாமல் அவன் காட்டை விட்டுப் போனதேயில்லை.

மூன்றாவது தடவைக்குப் பிறகு அவன் எங்கள் வரிசையைப் பார்த்து லேசாகத் தலை சாய்ப்பான். அந்தச் சாய்ப்பை அத்தை வாரம் முழுக்க வைத்திருப்பாள். “பாத்தியா, நம்மள அவனுக்குத் தெரியுது” என்பாள் திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமையும் அதையே சொல்வாள். அவனிடம் ஒரு முறை பேசவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. “பேசறதுக்கு இன்னா இருக்கு? அவன் பாடறான், நான் கேக்கறேன். அதுக்கு மேல அவனத் தொந்தரவு பண்ணக்கூடாது.”

ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், குசினிக்குப் போகாமல் அத்தை காலையிலேயே எங்கள் வாசலில் நின்றாள். முகம் சரியாக இல்லை.

“பாப்பா, உன் காது நல்ல காது. கொஞ்சம் வா.”

தன் வீட்டுக் கொல்லையில், சுவரோரத்தில், தோய்க்கிற கல்லின் மேல் என்னை நிறுத்தினாள். அந்தப் பக்கம் வேலு ராணி பாட்டைச் சாதகம் செய்துகொண்டிருந்தான். எனக்கு எப்போதும் போலத்தான் கேட்டது.

“நல்லாத்தானே அத்தை இருக்கு?”

“மேல போறப்போ கேளு. இன்னொரு தபா எடுப்பான் பாரு.”

எடுத்தான். மேலே போன இடத்தில், துணியில் ஒரு நூல் சிக்கி இழுபடுவது போல, ஒரு கணம். பிறகு சரியாகிவிட்டது. அத்தை என் முகத்தைப் பார்த்தாள். நானும் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அந்தக் கம்பெனியில் திரை இழுக்கும் பெரிய பையன் ஒருவன் இருந்தான். வேலுவுக்கு முன்பு அவன்தான் ராணி. குரல் உடையும் பருவத்தில் ஓய்வில்லாமல் பாடவைத்ததில், உடைந்த குரல் உடைந்தபடியே நின்றுவிட்டது. பேசினால் கிழிந்த பறையைத் தட்டுவது போலிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சண்டை போடுவதை நாங்கள் தினமும் கேட்டிருக்கிறோம். அத்தை என் கையைப் பிடித்தாள். “வா” என்றாள். நேரே கம்பெனி வீட்டு வாசலுக்குப் போனோம். பையன்களுக்குப் பாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் வெளியே வந்தார். வெற்றிலை போட்ட, தூக்கம் போதாத மனிதர்.

அத்தை விஷயத்தைச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

“எனக்குத் தெரியாதாம்மா? இருபது வருசமா இதத்தானே கேட்டுட்டிருக்கேன். அவனுக்குக் குரல் உடையிற நேரம். ஆறு மாசம் பாடாம விட்டா, பெரிய குரல் ஒழுங்கா வந்து உக்காரும். இப்பிடியே கத்துனா, அந்தா திரை இழுக்கிறானே, அவன் கதிதான்.”

“அப்ப வுட்டுடுங்களேன் அவன.”

“முதலாளி விடணுமே. ராணி பாட்டுக்குத்தான் கூட்டம்ங்கிறாரு. அது பொய்யுமில்ல. ஒரு தடவை பாடத்தான் நான் சொல்லிக் குடுத்தேன். மூணு தடவை பாட வைக்கிறது உங்க ஊருதான். பொம்பளைங்க பக்கம் ஒரு குரல் கெளம்பும் பாருங்க, ‘பிஸ்’ஸாம் ‘பிஸ்’. அது கெளம்பினாத்தான் கொட்டகை ஆடும். அந்தக் குரலுக்காரி யாருன்னு தெரிஞ்சா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்குவேன்.”

நான் தரையைப் பார்த்தேன்.

“கும்புட வேணாம்,” என்றாள் அத்தை. “அது நாந்தான்.”

வாத்தியார் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது இதுதான்: இந்த ஊரில் இன்னும் மூன்று ஞாயிறுகள் இருக்கின்றன. வேலுவின் பாட்டுக்குச் சபையில் எடுப்பு, அதாவது கைதட்டலும் ‘பிஸ்’ஸும், இல்லாமல் போனால், முதலாளி தானாகவே வேஷத்தை ஒன்பது வயதுச் சின்னப் பையனுக்கு மாற்றிவிடுவார். வேலுவுக்குப் பாட்டில்லாத மந்திரி வேஷம் கொடுக்கலாம். எடுப்பு இருக்கும்வரை அது நடக்காது. இதை வேலுவிடம் மட்டும் சொல்லக்கூடாது. “தெரிஞ்சா, எனக்கு ஒண்ணுமில்லன்னு காட்டுறதுக்காகவே இன்னும் உசரத்துல பாடுவான். ரோசக்காரப் பய.”

திரும்பி வரும்போது அத்தை தெருவில் நின்றுவிட்டாள்.

“குசினியில ரெண்டாம் தட்டு வெக்கறதுக்கு முன்னாடி, சட்டியில இருக்கான்னு பாத்துட்டுத்தான் வெப்பேன். இவன் சட்டியில இன்னா இருக்குன்னு நான் பாக்கவேயில்ல பாப்பா. கேட்டுக்கினே இருந்துட்டேன்.”

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. “மூணு ஞாயித்துக்கெழம” என்று விரலை மடக்கினாள்.

ஞாயிறுக்கு முந்திய மூன்று நாளில் அத்தை ஊரில் போகாத இடமில்லை. தண்ணீர்க் குழாயடி, மீன் கடை, கோயில் படிக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை ராணி பாட்டுக்குப் பெண்கள் யாரும் வாயைத் திறக்கக்கூடாது, கை தட்டக்கூடாது. காரணத்தைச் சொன்னால் விஷயம் பையன் காதுக்குப் போய்விடும் என்பதால் காரணத்தையும் சொல்லவில்லை. காரணமில்லாமல் கேட்டால் யார் கேட்பார்கள்? துணிக்கடை ராவுத்தர் வீட்டு அம்மா, தெருவில் எல்லோரும் பூவா என்று கூப்பிடுபவள், எங்களோடு தவறாமல் நாடகம் பார்ப்பவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஏன்டியம்மா, டிக்கெட் எடுத்தது கையக் கட்டிக்கினு உக்காரவா? மொதல்ல கத்தறதே நீதான். உனக்கும் அந்தப் புள்ளைக்கும் இன்னா சண்ட?”

“சண்ட இல்ல பூவா. எனக்காக மூணு வாரம்.”

“உனக்காகன்னா சரி. ஆனா என் வாய் என் பேச்சக் கேக்காது. பாட்டு முடிஞ்சா அதுவா கத்தும்.”

அத்தை அதைக் கேட்டு யோசித்தாள். சனிக்கிழமை பகல் முழுக்க அவள் அடுப்படியிலிருந்து சர்க்கரை காயும் மணம் தெருவுக்கு வந்தது. துரை வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் செய்யும் கரமேல் மிட்டாய். வெண்ணெயும் சர்க்கரையும் பாகாகி, பல்லில் ஒட்டினால் கால் மணி நேரத்துக்கு விடாது. அதை வழக்கத்தைவிட இறுக்கமாகக் காய்ச்சியிருந்தாள், துண்டும் பெரிது. இரண்டு பிஸ்கோத்து டப்பா நிறைய.

மறுநாள் மூன்றாம் காட்சிக்குத் திரை எழும்போது டப்பாக்கள் வரிசை வரிசையாகக் கைமாறிப் போயின. ஓசியில் வந்த மிட்டாயை யார் வேண்டாமென்பார்கள்? வேலு பாடினான். நூல் இழுபட்ட இடத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், தாண்டிவிட்டான். முடித்துவிட்டு மரத்தில் கையை ஊன்றி நின்றான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ராவுத்தர் வீட்டு அம்மாவின் தாடை மேலும் கீழும் போனது. கண்கள் அத்தையைக் கொன்றுவிடுவது போலப் பார்த்தன. ஆண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் தட்டினார்கள். பிறகு, எப்போதும் தொடங்குகிற இடத்திலிருந்து ஒன்றும் வராததால், அவர்களும் விட்டுவிட்டார்கள். ஆர்மோனியம் சுருதியைப் பிடித்துக்கொண்டே இருந்தது. வேலு நின்றான். எங்கள் வரிசையைப் பார்த்தான். அத்தை குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் ஒன்றையொன்று பிடித்திருந்தன, தட்டிவிடுமோ என்று பயந்தது போல.

அவன் எவ்வளவு நேரம் நின்றான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரை இழுக்கும் பையன் மறந்துவிட்டானோ என்று எல்லோரும் பக்கவாட்டில் பார்க்கத் தொடங்கும்வரை நின்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அத்தை எதிர்பார்க்கவில்லை. போன வாரம் தான் சரியாகப் பாடவில்லை என்று அவன் நினைத்திருக்க வேண்டும். இந்தத் தடவை பாட்டில் இல்லாத இடங்களுக்கெல்லாம் ஏறினான். இன்னும் மேலே, இன்னும் நீளமாக. கழுத்து நரம்பு எங்கள் வரிசைக்குத் தெரிந்தது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்டா,” என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். “வேணாம்டா ராசா. எறங்கு.”

அவள் ஒரு முறை கைதட்டியிருந்தால் அவன் இறங்கியிருப்பானோ? அப்போதும் அப்படித்தான் எனக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. அன்று மிட்டாய்கூட வேண்டியிருக்கவில்லை. பெண்கள் அத்தையின் முகத்தைப் பார்த்தே வாயை மூடியிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் இந்த முறை அவன் காத்திருக்கவில்லை. ராணி நடக்கவேண்டிய நடையை விட்டுவிட்டு, பையன் நடையில் விடுவிடென்று உள்ளே போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை சுவருக்கு மேலாக வாத்தியார் எட்டிப்பார்த்தார். “முதலாளி சரின்னுட்டாரு. வர்ற ஞாயிறு சின்னவன்தான் ராணி. ஆனா ஒண்ணும்மா. சின்னவனுக்கும் சபை சும்மா இருந்துச்சுன்னா, கோளாறு பையன்ட்ட இல்ல, ஊர்ட்டன்னு சொல்லி, கடலூர்ல வேலுவையே மறுபடி ஏத்திருவாரு.”

அத்தைக்குப் புரிந்தது. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“இன்னா பாக்கற?” என்றாள் என்னிடம். “சின்னவனுக்குக் கத்தணும். அவ்ளோதான்.”

பிறகு அன்று முழுவதும் அவள் என்னை ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிடிக்காத பாட்டுக்குப் பிஸ் சொல்வது பொய்யில் சேருமா? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லவேண்டுமா? ஞானோபதேசத்தில் எனக்கு எப்போதும் முதல் மார்க்கு. நல்ல காரியத்துக்காக என்றால் பரவாயில்லை என்றேன். உடனே, இல்லை, எதற்கும் சொல்லிவிடுங்கள் என்றேன்.

கடைசி ஞாயிறு. சின்னப் பையன் ராணி. அவன் பாட்டு மோசமில்லை. நறுக்கென்று, பயந்து, பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. அடுத்து வர வேண்டிய மந்திரி, பக்கத் திரையோரம் தயாராக நின்றது எங்கள் பக்கத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. ஒட்டு மீசையோடு வேலு. சின்னவன் பாடி முடித்து, மரத்தில் கையை ஊன்றினான்.

அத்தை எழுந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள். வேலு நின்ற பக்கம் அவள் பார்க்கவில்லை. “பிஸ்!” என்றாள். அப்படி ஒரு குரலை அவளிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை. இரண்டு ஞாயிறாக அடைத்து வைத்திருந்த பெண்கள் பக்கம் உடைத்துக்கொண்டு கத்தியது. ராவுத்தர் வீட்டு அம்மா பெஞ்சில் அடித்தாள். தகரம் அதிர்ந்தது.

நான் வேலுவைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு தடவை அவனை மறுபடி பாடவைத்த குரல். தலையைத் திருப்பி, மூன்றாவது வரிசையில் நிற்கும் அத்தையைப் பார்த்தான். மீசையை விரலால் அழுத்திக்கொண்டான்.

சின்னவன் இரண்டாவது தடவை பாடினான். மூன்றாவது தடவை கேட்க யாரோ வாயெடுத்தபோது, அத்தை திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வாய் மூடிக்கொண்டது. “கொழந்த அது. ரெண்டு போதும்.”

புதன்கிழமை கம்பெனி கிளம்பியது. பெட்டிகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தை ஒரு டப்பாவில் மிட்டாய் போட்டு என்னிடம் கொடுத்தாள். இது கொஞ்சம் இளக்கமாகக் காய்ச்சியது. “அவன் கையில குடு. வேற ஒண்ணும் சொல்லாத. மாதா மேல ஆணையா சொல்லாத.”

வேலு வேஷப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். நான் நீட்டியதும் டப்பாவைப் பார்த்தான்.

“யார் குடுத்தா?”

“எதிர்வீட்டு... மூணாவது வரிசை அத்தை.”

“வேணாம்,” என்றான். அந்த ஒரு சொல்லிலேயே குரல் பாதி பையனாகவும் பாதி பெரியவனாகவும் இரண்டாக வந்தது. அவனே கூச்சப்பட்டு இருமினான். “அவுங்க இப்ப சின்னவன் கட்சி. அவனுக்கே குடுங்க.”

நான் திரும்பினேன். நாலு அடி போயிருப்பேன்.

“அக்கா. நான் எந்த எடத்துல தப்பாப் பாடுனேன்னு மட்டும் அவுங்களக் கேட்டுச் சொல்றீங்களா?”

இங்கேதான் என் வாய் திறக்கப் பார்த்தது. நீ எங்கேயும் தப்பாகப் பாடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரியைச் சொல்ல ஆணை தடையில்லை என்று இன்று வாதாடுகிறேன். ஆனால் அடுத்து அவன் ‘பிறகு ஏன்?’ என்று கேட்டிருப்பான். நான் தலையை ஆட்டிவிட்டு டப்பாவோடு திரும்பி வந்துவிட்டேன்.

அத்தை அடுப்பெதிரில் நின்றிருந்தாள். டப்பாவைக் கண்டதும் எல்லாம் விளங்கிவிட்டது. அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். எந்த இடத்தில் தப்பு என்று கேட்டதையும்.

“இன்னொரு தபா சொல்லு.”

“அத்தை...”

“சொல்லு பாப்பா. இன்னா கேட்டான்?”

இரண்டாவது தடவை சொன்னேன். ஒரு சொல்லையும் விடாமல் கேட்டாள். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள்.

“போதும்,” என்றாள்.

அத்தை ‘போதும்’ என்று தனக்காகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சிறிது கழித்து, எனக்குச் சமாதானம் சொல்வது போல, “கோவத்துல இருக்கட்டும். கோவமா இருக்கறவன் பாட மாட்டான். ஆறு மாசம் அவன் பாடாம இருந்தா எனக்கு அது போதும்” என்றாள். டப்பாவில் இருந்ததைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

வேலுவின் குரல் ஒழுங்காக வந்து உட்கார்ந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஊருக்கு எந்தக் கம்பெனி வந்தாலும் அத்தை முதல் ஆட்டத்துக்குப் போவாள். பெரிய வேஷக்காரர்களின் குரலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். “இல்ல, அவன் இல்ல” என்று எழுந்து வந்துவிடுவாள். நான் கல்யாணமாகிப் போன மறு வருஷம் துரைக்குக் காரைக்காலுக்கு மாற்றலாயிற்று. அத்தையும் அவர்களோடு போய்விட்டாள். அங்கேயும் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்வாள் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகன். அவனுக்கு ஆறு வயது. நன்றாகப் பாடுகிறான், பெற்றவள் சொல்வது என்று தள்ளிவிடாதீர்கள், பள்ளிக்கூடத்திலும் சொல்கிறார்கள். சாயங்காலங்களில் என் கணவரின் சிநேகிதர்கள் வருகிறார்கள். அவனை நாற்காலி மேல் ஏற்றிப் பாடச் சொல்கிறார்கள். முடித்ததும் “இன்னொரு முறை, இன்னொரு முறை” என்கிறார்கள். மறுநாள் காலை அவன் தொண்டை கட்டியிருக்கிறது. என் கணவர் நல்லவர், அவருக்குப் பெருமை. ஆறு வயதில் குரல் உடையாது, இது அந்தக் கதையில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் நாலு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஆனால் போன வாரத்திலிருந்து என் மகன் ஒரு புதுப் பழக்கம் பிடித்திருக்கிறான். பாடி முடித்த பிறகு நாற்காலியிலிருந்து இறங்குவதில்லை. அதன் முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறான். கேட்பார்கள் என்று காத்திருக்கிறான். மற்றவர்களைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறான்.

வருகிற மாதம் அவன் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா. அவனுக்கு ஒரு பாட்டு இருக்கிறது. தாய்மார்களுக்கு முன் பெஞ்சுகள். ஒன்றை நான் முடிவு செய்துவிட்டேன். என்ன செய்தாலும் காரணத்தை அவனிடம் மறைக்கமாட்டேன்; எந்த இடத்தில் தப்பு என்று அவன் யாரையும் கேட்கும்படி விடமாட்டேன். மீதியைத்தான் முடிவு செய்ய முடியவில்லை. பாடுகிற பிள்ளைகளை வளர்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அவன் பாடி முடித்து, கையை ஊன்றி நின்று, என் பக்கம் பார்க்கும்போது, நான் எழுந்து கைதட்டட்டுமா, மடியைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டுமா? விழாவுக்கு முன்னால் எனக்கு எழுதுங்கள்.